கழற்ற முடியாத மூளை

அத்தியாயம் 6

பயம் வந்தால் சிவசங்கருக்கு வாய் நிற்காது. அன்று காலை, கரும்பு வண்டிகளை எடை போடும் கச்சிராயபாளையம் எடை மேடையின் ஆபீஸ் அறைக்குள் கால் வைத்ததிலிருந்து அவன் பேசிக்கொண்டேதான் இருந்தான்.

“இன்னாக்கா இது, ஃபினாயில் வாசனை இப்படித் தூக்குது? மாஸ்க்கைத் தாண்டி மண்டைக்குள்ள போவுது.”

“கம்முனு இரு சங்கரு.”

சொல்லிவிட்டுத் தேவிப்ரியா வாசல்படியைப் பார்த்தாள். சிவசங்கரும் பார்த்தான். படியில் ஓர் இடம் மட்டும் மற்ற இடங்களைவிட வெளுத்திருந்தது. போன வாரம் கொலையான வாட்ச்மேன் அம்மாசி மண்டை உடைந்து விழுந்த இடம் அதுதான். சிவசங்கர் காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

தேவிப்ரியா முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரிக்கிற வேலையில் இருந்தவள். யார் வீடு நிஜமாகவே தீப்பிடித்தது, யார் வீட்டுக்கு யார் தீ வைத்தார்கள் என்று சாம்பலைக் கிளறிச் சொன்னவள். இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். லாக்டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை இழுத்து மூடிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தவன் சிவசங்கர். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவனுக்குத் தைரியம் தெரியாது. ஆபீஸ் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் எடை மேடை முதலாளி பொன்னுரங்கம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்டும் கேட்காத குரல்.

“அம்மாசி எனக்கு வேலைக்காரன் இல்லம்மா. கூடப் பொறந்தவன் மாதிரி. இடஒதுக்கீடு கேட்டு அன்னிக்கு இங்க ரோட்டுல மறியல். அந்தக் கும்பல்ல இருந்து ஒருத்தன் உள்ள பூந்து அடிச்சிட்டான். சின்னதுரைன்னு ஒரு காலேஜ் பையன். சட்டையெல்லாம் அம்மாசி ரத்தம். போலீசு புடிச்சு உள்ள வெச்சிட்டாங்க.”

“அப்புறம் எங்களுக்கு இன்னாங்க வேலை?” என்றாள் தேவிப்ரியா.

“கோர்ட்டுல நிக்கணுமே. என் கேமராவுல அது பதிஞ்சிருக்கும். படமெல்லாம் இந்தப் பொட்டியிலதான் சேரும். அதுக்குள்ள கம்ப்யூட்டர் பாக்கற சந்தோஷு, ‘பொட்டி மெதுவா ஓடுது, புது பிராசஸர் போடறேன்’னு எடுத்துக்கினு போனான். திருப்பிக் குடுத்தான். தொறந்து பாத்தா படமே இல்ல. ஆளும் இல்ல. ரெண்டு நாளா போனு எடுக்கல. அவனைக் கண்டுபிடிச்சுக் குடுங்க.”

மேசை மேல் மானிட்டருக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருந்தது. கையகல டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். டிபன் பாக்ஸ் என்று சொன்னால் நம்பிவிடலாம். பக்கத்தில் ஒரு காகிதத்தை விரித்து வைத்தார் பொன்னுரங்கம்.

“இது அவன் கழட்டிக் குடுத்த பழைய பிராசஸர்.”

சதுரமான சில்லு. முதுகில் தகடு, அடியில் ஊசி ஊசியாகக் கால்கள். பாதிக் கால்கள் மடங்கிக் கிடந்தன. தகட்டின் நடுவே வட்டமாக ஒரு பள்ளம்.

“அடிபட்டிருக்கே?” என்றாள் தேவிப்ரியா.

“கீழ வுழுந்துருச்சிம்மா.”

சிவசங்கர் அந்தச் சில்லைக் கையில் எடுத்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். மறுபடி சில்லைப் பார்த்தான். பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான், ஃபேனைத் தூக்கினான். அவன் முகத்தில் பயம் போய், கடையை மூடிய நாளிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் வந்தது.

“சார், உங்கள நல்லா ஏமாத்திட்டான். இந்தப் பொட்டியில பிராசஸரை மாத்தவே முடியாது!”

பொன்னுரங்கம் அசையவில்லை. “இன்னாது?”

“பெரிய டெஸ்க்டாப்னா பிராசஸர் ஒரு சாக்கெட்டுல உக்காந்திருக்கும் சார். கொக்கியத் தூக்கினா கையோட வந்துரும், வேற வாங்கிப் போட்டுக்கலாம். சில சின்னப் பொட்டியிலயும் அப்படித்தான். ஆனா இந்த மாடல்ல பாருங்க, பலகையோட பலகையா ஈயம் வெச்சு ஒட்டியிருக்குது. பிராசஸரு, ஞாபகச் சில்லு, எல்லாம் ஒட்டு. கழட்டணும்னா பலகையே போயிடும். அவன் குடுத்த சில்லு ஏதோ பழைய பெரிய பொட்டியோடது. இதுக்குள்ள நுழையக்கூட நுழையாது.”

“அப்போ?”

“அப்போ இது உங்க பொட்டியே இல்ல சார்! அதே மாதிரி வேற பொட்டிய வெச்சுட்டு, உங்களதை முழுசா எடுத்துக்கினு போயிட்டான். படமெல்லாம் பத்திரமா எங்கேயோ…”

தேவிப்ரியாவின் செருப்பு அவன் காலை அழுத்தியது. சிவசங்கர் வாயை மூடினான். ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. பொன்னுரங்கத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

“பத்திரமா இருக்குதா,” என்றார் மெதுவாக. “நல்லது.”

தேவிப்ரியா ஃபேனைத் தன் பக்கம் இழுத்து, அதன் இறக்கைகளில் படிந்திருந்ததைக் கைக்குட்டையில் தட்டிக்கொண்டாள். “இந்தப் பொட்டி எங்ககிட்ட இருக்கட்டுங்க. பாத்துட்டுத் தந்துடறோம்.”

“சாயங்காலத்துக்குள்ள வந்துரணும்மா. கரும்பு சீசன். வண்டிங்க வரிசையில நிக்குது.”

பெட்டியைப் பூட்டி, சில்லோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து சிவசங்கர் பைக்கை எடுத்தான்.

“எதுக்குக்கா மிதிச்சீங்க?”

“தெரியல. அந்தாளு சந்தோஷப்பட்டிருக்கணும், படலை. அதான்.” கைக்குட்டையை அவன் கண்ணெதிரே விரித்தாள். “இது இன்னா சொல்லு.”

பொடிப்பொடியாக, சாம்பல் நிறத்தில், ஊதினால் பறக்கிற தூசு. இடையிடையே பளபளக்கும் மெல்லிய தோல்.

“உமி. நெல்லு உமி இல்ல, இது பொடிசு. சாமையாக்கா?”

“சாமை கீழ யாரு போடறாங்க? மலையிலதான். உமி ஃபேனுக்குள்ள ஏறியிருக்குதுன்னா, இந்தப் பொட்டி ஒரு சாமை மில்லுல ஓடிக்கினு இருந்திருக்குது. கல்வராயன் மலையில கம்ப்யூட்டர் வெச்சிருக்கற சாமை மில்லு எத்தினி இருக்கும்?”

“ஒண்ணு இருந்தாலே ஜாஸ்தி.”

“வண்டிய வுடு.”

கடைவீதி முனையில் அன்றும் மறியல். ரோட்டின் குறுக்கே புளியங்கிளைகளும் கற்களும். கொடிகளுக்கு நடுவே மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற இன்ஸ்பெக்டர் சந்தியா, பழைய பழக்கத்தில் தேவிப்ரியாவைப் பார்த்துத் தலையசைத்தாள். கூட்டத்தின் ஓரத்தில் கைலி மடித்த ஆண்களுக்குப் பின்னால் ஒரு பெண் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“சின்னதுரையோட அம்மா ஜெயம்மாள். தெனமும் வந்து உக்காந்துடறாங்களாம்,” என்றான் சிவசங்கர். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு என்னவோ கூச்சமாக இருந்தது. அவள் மகனுக்கு எதிராகச் சாட்சி தேடித்தானே போகிறார்கள்.

கோமுகி வாய்க்கால் கரை மேல் பைக்கை ஏற்றிச் சுற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடியில் ஒரு வெள்ளை ஜீப் தெரிந்தது. மறியலில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, அது பொன்னுரங்கம் ஜீப்பு மாதிரி இல்ல?”

“வேலையக் குடுத்துட்டு நம்மள நம்பாத ஆளு நமக்குப் புதுசா?”

ஆனால் அவள் அதற்குப் பிறகு இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

மலைப்பாதை தொடங்கியது. வளைவுக்கு வளைவு வெயில் குறைந்து பனி மூட்டம் இறங்கியது. தை மாதத்து மூட்டம், நடுப்பகலிலும் ரோட்டுக்கு மேல் படுத்துக்கிடந்தது. ஒரு வளைவில் பைக்கின் சூடு ஆறட்டும் என்று நிறுத்தினார்கள். பறவைச் சத்தம்கூட இல்லை.

“இங்க நம்மளத் தூக்கிப் போட்டா, கண்டுபிடிக்க இன்னொரு துப்பறியும் ஆபீஸ் தொறக்கணும்,” என்றான் சிவசங்கர். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

தேவிப்ரியா அந்தச் சில்லைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“சங்கரு, இது மேசையில இருந்து கீழ வுழுந்தா நடுவுல வட்டமா பள்ளம் வுழுமா?”

“வுழாது. முனைதான் மடங்கும்.”

“வட்டமா பள்ளம் வுழணும்னா?”

“சுத்தியால அடிக்கணும்.”

“எதுக்கு ஒருத்தன் பழைய பிராசஸரைச் சுத்தியால அடிக்கறான்?”

“கோவமா?”

“கோவம் வந்தா ஆளை அடிப்பான். பொருளை அடிக்கறது பயத்துல.” அவள் குரல் தாழ்ந்தது. “படம் எங்க இருக்கும்? பிராசஸர்லயா?”

“பிராசஸர்ல ஒண்ணும் தங்காதுக்கா. அது கணக்குப் போடற மூளை. ஞாபகம் வெச்சுக்கறது வேற சில்லு.”

“அது உனக்குத் தெரியும், சந்தோஷுக்குத் தெரியும். பொன்னுரங்கத்துக்குத் தெரியாது. மூளைன்னா எல்லாம் அதுலதான் இருக்கும்னு நெனச்சிருக்கறான். கழட்டி வாங்கி, தன் கையால அடிச்சிருக்கறான். படம் வேணுங்கறவன் அதை அடிக்க மாட்டான் சங்கரு. படம் இருக்கக் கூடாதுங்கறவன்தான் அடிப்பான். சந்தோஷு அதைப் பாத்திருப்பானோன்னு பயந்துதான் அவனைத் தேடச் சொல்றான்.”

காலையில் அந்த அறையில் உட்கார்ந்து, உங்கள் படம் பத்திரமாக இருக்கிறது என்று யாரிடம் கத்தினோம் என்பது சிவசங்கருக்கு இப்போதுதான் உறைத்தது.

“அக்கா… நான்தான் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்ட. இப்ப அழுது இன்னா ஆவப்போவுது? அவனுக்கு முன்னாடி நாம சந்தோஷைப் பாக்கணும்.”

கீழே பார்த்தார்கள். பனியில் ஒன்றும் தெரியவில்லை. எங்கோ அடியில் ஒரு வண்டி கியர் மாற்றுகிற முனகல் கேட்டது போலிருந்தது. அது ஜீப்பா லாரியா என்று நின்று கேட்கிற தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை.

வெள்ளிமலைக்குச் சற்று முன்னால், மரவள்ளிக் காட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட மில். டீக்கடையில் கேட்டபோதே சொல்லிவிட்டார்கள். மகளிர் குழுவுக்காக அம்சவள்ளி நடத்துகிற மில், கம்ப்யூட்டரெல்லாம் வைத்திருக்கிறாள், தம்பி கீழே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்.

அம்சவள்ளி தலையில் துண்டு கட்டியபடி வாசலை மறித்து நின்றாள். “மில்லு ஓடல. கரண்டு இல்ல.”

“அரைக்க வரலம்மா. சந்தோஷைப் பாக்கணும்.”

“அவன் இங்க இல்ல. சேலத்துக்குப் போயிட்டான்.”

சிவசங்கர் பையிலிருந்த பெட்டியை எடுத்துக் காட்டினான். “உங்க மில்லுப் பொட்டிய எடை மேடையில வெச்சுட்டு, அங்கேருந்ததை இங்க கொண்டாந்திருக்கறாரு. உங்க சாமை உமிதான் சொல்லுச்சு.”

அவள் கண்ணில் நீர் முட்டியது. “பொன்னுரங்கம் அனுப்புன ஆளுங்களா நீங்க?”

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தேவிப்ரியாதான் முன்னால் வந்தாள். “அனுப்புனது அவர்தான். ஆனா நாங்க வந்திருக்கறது உன் தம்பியக் காப்பாத்த. பின்னாலேயே அவரு வந்துக்கினு இருக்காருன்னு நெனைக்கறேன். நேரம் கம்மிம்மா.”

சாமை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். முப்பது வயதிருக்கும். தாடி, கையில் அரிவாள்.

“மூளையைக் கழட்டி என் கையில குடுன்னாருங்க,” என்றான் சந்தோஷ் மூச்சு வாங்க. “கழட்ட முடியாதுன்னு சொன்னா என்னைக் கழட்டிடுவாரு. அப்புறம்தான் ஏன் இப்படி அவசரப்படறாருன்னு பயந்துபோய்ப் படத்தைப் பாத்தேன். எடை கம்மியா காட்ட மேடைக்கு அடியில பொன்னுரங்கம் சொருகி வெச்சிருந்த கட்டையை அம்மாசித் தாத்தா உருவிக்கினு வராரு. வெளிய இருக்கறவங்ககிட்ட காட்டப்போறேங்கறாரு. இவர் பின்னாடியே வந்து இரும்புக் குழாயால…” அரிவாளைக் கீழே போட்டான். “அதோட நிறுத்திட்டேங்க. அதுக்கு மேல பாக்கல. ரெண்டு பொட்டியும் நான் வாங்கிக் குடுத்ததுதான், ஒரே மாடல். அதான் மாத்தி வெச்சுட்டு, கடையில கெடந்த பழைய சில்லைக் கழட்டுனதுன்னு குடுத்தேன். ஸ்டேஷனுக்குப் போலாம்னா கீழ எங்க பாத்தாலும் அவரு ஆளுங்க.”

மூட்டையைக் கிளறி ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டு பெட்டிகளும் அக்கம்பக்கமாக இருந்தன. பெற்றவளே அடையாளம் சொல்லியிருக்க முடியாது.

அப்போது வெளியே ஜீப் வந்து நின்றது.

சந்தோஷ் மூட்டைகளுக்குள் மறைந்தான். தேவிப்ரியா சிவசங்கரைப் பார்த்தாள். அவன் கை தானாகவே நகர்ந்தது. சந்தோஷ் எடுத்து வைத்த அசல் பெட்டியைத் தூக்கித் தன் பைக்குள் போட்டான். எடை மேடையிலிருந்து கொண்டுவந்ததை மேசையில் விட்டான்.

பொன்னுரங்கம் உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர். ஒருவன் கையில் ஜீப் ஜாக்கியின் இரும்புக் கம்பி.

“பனி ஜாஸ்திம்மா மேல,” என்றார் அதே மெல்லிய குரலில். “கிடைச்சுதா?”

“பொட்டி கிடைச்சுருச்சுங்க,” என்றாள் தேவிப்ரியா. “ஆளு கிடைக்கல. சேலத்துக்கு ஓடிட்டானாம்.”

அவர் அம்சவள்ளியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் சிவசங்கரின் முகத்துக்கு நேரே குனிந்தார். சந்தன வாசனை வந்தது.

“நீதான தம்பி வெவரமான ஆளு. நீயே சொல்லு. மேசையில இருக்கறது காணாமப் போன என் பொட்டிதானா?”

ஒரு வேடிக்கைப் பேச்சுகூட நாக்கில் வரவில்லை.

“ஆமாங்க. இதுதான்.”

“நல்லாப் பாத்துட்டியா?”

“பாத்துட்டேங்க.”

பொன்னுரங்கம் கம்பியை வாங்கினார். “திருட்டுக் கை பட்ட பொருள் எனக்கு ஆவாது. இந்தத் தபா மொத்தமாவே ஒடைச்சிடலாம்.”

முதல் அடியில் மூடி பிளந்தது. இரண்டாவது அடியில் பலகை இரண்டாகியது. அவர் நிறுத்தவில்லை. முகத்தில் கோபமே இல்லாமல், தேங்காய் உடைக்கிறவர் மாதிரி அடித்துக்கொண்டிருந்தார். ‘இந்தத் தபா’ என்று அவர் சொன்னது சிவசங்கரின் காதிலேயே நின்றது. இவர் இப்படித்தான் அம்மாசியையும் அடித்திருப்பார் என்று தோன்றியது அவனுக்கு. சுவரில் சாய்ந்துகொண்டான்.

“பையில இன்னா?”

கூட வந்தவன் பையைப் பிடுங்கித் திறந்தான். அசல் பெட்டி வெளியே வந்தது. பொன்னுரங்கம் அதை மேசையில் வைத்தார். கம்பி மறுபடி உயர்ந்தது.

“சார்,” என்றான் சிவசங்கர். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. “அது காலையில நீங்க குடுத்த பொட்டி. எடை மேடையோடது. அதையும் ஒடைச்சுட்டா சாயங்காலம் கரும்பு வண்டிய எதுல எடை போடுவீங்க? வண்டிங்க வரிசையில நிக்குதுன்னீங்களே.”

கம்பி அந்தரத்தில் நின்றது. ஓட்டை விழுந்த தகரத்தின் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கம் யோசித்தார். கம்பியை இறக்கினார். பெட்டியைத் தூசு தட்டித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“ஆமா. மறந்தே பூட்டேன்.”

ஜீப் திரும்பிப் போகிற சத்தம் கரைந்தது. பிறகு சந்தோஷ் மூட்டைகளிலிருந்து எழுந்து தலையில் அடித்துக்கொண்டான்.

“அசலு போச்சே! அவர் கையிலேயே குடுத்துட்டீங்களே!”

“போவல,” என்றாள் தேவிப்ரியா. “எங்கேருந்து நீ எடுத்தியோ, அங்கேயே அவன் கையால கொண்டு போய் வெக்கப்போறான். நீ கொண்டு போய்க் குடுத்தா ஜோடிச்சதுன்னு சொல்லுவான். இப்ப சொல்ல முடியாது. ஆனா மாட்டித் தொறந்து பாத்துட்டான்னா எல்லாம் முடிஞ்சுது. தொறந்தா இன்னா தெரியும்?”

சந்தோஷ் தலையிலிருந்து கையை எடுத்தான். “கடைசியா நிறுத்துன இடத்துலேருந்து படம் தானா ஓடும்.”

மலையிறக்கத்தில் சிவசங்கர் அப்படி ஒரு நாளும் பைக் ஓட்டியதில்லை. பனியில் ஒவ்வொரு வளைவும் கடைசி நொடியில்தான் தெரிந்தது. காலையில் துரத்தப்பட்டவர்கள் இப்போது துரத்தினார்கள், பயம் மட்டும் அப்படியே இருந்தது. பாதி மலையில் சிக்னல் வந்ததும் தேவிப்ரியா அவன் காதுக்குப் பின்னால் போனில் கத்தினாள். “சந்தியா! எடை மேடைக்குப் போ! இப்பவே!”

இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

எடை மேடை மேல் ஒரு கரும்பு டிராக்டர் நின்றிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். போலீஸ் ஜீப் எதுவும் கண்ணில் படவில்லை. சிவசங்கர் பைக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

எடை போடுகிற ஆள் பெட்டியை மாட்டியிருந்தான். மானிட்டரில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். கைகழுவிய ஈரத்தோடு கதவருகே நின்ற பொன்னுரங்கம், மானிட்டரில் கையில் குழாயோடு நிற்கிற தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இம்முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தார்.

சிவசங்கர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஓடியிருப்பான். மேசை மேல் பாய்ந்து பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டான். கடப்பாரை அவன் தோளில் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. பிடியை விடவில்லை. இரண்டாவது அடிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அது வரவில்லை. கடப்பாரை தரையில் விழுகிற சத்தம்தான் கேட்டது.

“கையை எடு தம்பி,” என்றது ஒரு பெண் குரல். இன்ஸ்பெக்டர் சந்தியா. மறியல் கூட்டத்துக்குள் ஜீப்பைத் திருப்ப முடியாமல், இரண்டு கான்ஸ்டபிள்களோடு ஓடியே வந்திருந்தாள். காக்கிச் சட்டை முதுகு நனைந்திருந்தது. “பொட்டிய நான் பாத்துக்கறேன்.”

பொன்னுரங்கம் கைகளை நீட்டினார். போலீஸ் ஓடுவதைப் பார்த்துக் கூட்டமும் பின்னாலேயே வந்திருந்தது. யாரும் கோஷம் போடவில்லை. வாசல் முழுக்க முகங்கள், அத்தனையும் மானிட்டரைப் பார்த்தபடி. முன்னால் ஜெயம்மாள் நின்றிருந்தாள்.

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாசி படியில் விழுந்து கிடக்கிறார். பொன்னுரங்கம் குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். சிறிது நேரம் யாருமே வரவில்லை. பிறகு ரோட்டுப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடி வருகிறான். வெள்ளைச் சட்டை. மண்டியிட்டுக் கிழவரின் தலையை மடியில் எடுத்து வைத்து, துண்டால் அழுத்திப் பிடிக்கிறான். யாரையோ கூப்பிடுகிறான், கோஷத்தில் யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. பிறகு அந்தக் கிழவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கைகளிலும் வாரித் தூக்கிக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடுகிறான். சட்டை முழுக்கச் சிவந்திருந்தது.

தேவிப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவசங்கர் தோளைப் பிடித்தபடி மேசை ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். இந்தப் பையனுக்கு எதிராகத்தான் காலையில் சாட்சி தேடிப் புறப்பட்டோம் என்று நினைத்தபோது, அடியைவிட அது வலித்தது.

ஜெயம்மாள் மெல்ல உள்ளே வந்தாள். மானிட்டருக்கு எதிரே நின்று, படம் நின்றுபோன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள்.

“எம்மவன் தூக்கிக்கினு ஓடறானே, அதை இன்னொரு தபா போடும்மா.”

சந்தியா மறுபடி போட்டாள்.